ஏரியில் ஒரு நாள், சால்மன் மீனோடு



என் மகன் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், கையில என்ன அவ்ளோ பெரிய மீனு?" என்று ஒருவன். "கடலுக்கா போனீங்க?" என்று இன்னொருத்தி. "வீட்டை விக்கப் போறீங்களாமே, நெசமா?" என்று என் நாத்தனார் முதல் மூன்று பேர். தனித்தனியாகப் பதில் எழுதக் கண் ஒத்துழைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நீண்ட பதிவு. ஆற அமரப் படியுங்கள்.

அது கடல் இல்லை, ஏரி. மீனைப் பிடித்தது நான் இல்லை, என் பேத்தி. கனமாக இருந்ததால் நான் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு நிற்கிறேன், அவ்வளவுதான்.

மகன் இருக்கும் ஊர் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி. மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஏரி என்றதும் நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். இதன் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாடு 1,30,000. அதாவது தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான இடம் முழுக்கத் தண்ணீர். வடக்கு தெற்காக 490 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மிக ஆழமான இடத்தில் 281 மீட்டர். அக்கரை தெரியாது. அலை அடிக்கிறது, கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஆனால் உப்பு வாசனை இல்லை. அள்ளி வாயில் விட்டால் நல்ல தண்ணீர். ஊர் முழுக்க இந்தத் தண்ணீரைத்தான் சுத்தம் செய்து குடிக்கிறார்கள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மகன் ஒரு படகு ஏற்பாடு செய்தான். இதற்குச் 'சார்ட்டர்' என்று பெயர். ஒரு நாளைக்குப் படகு, கேப்டன், தூண்டில், இரை எல்லாம் சேர்த்து வாடகை. இந்த மாதிரிப் படகில் ஆறு பேர் வரை ஏறலாம். நாங்கள் நான்கு பேர்: மகன், மருமகள், பன்னிரண்டு வயதுப் பேத்தி, நான். மீன் பிடிக்க ஒவ்வொருவரும் அரசாங்கத்திடம் உரிமம் வாங்க வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் தேவையில்லை. சால்மன் பிடிக்கத் தனியாக ஒரு முத்திரைக்கும் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் மீன்குஞ்சு வளர்க்கும் வேலைக்குப் போகிறது. ஒருவர் ஒரு நாளைக்குச் சால்மனும் டிரவுட்டும் சேர்த்து ஐந்து மீன்தான் எடுக்கலாம்.

காலை ஐந்து மணிக்குப் படகுத் துறையில் இருந்தோம். இருட்டு. ஆகஸ்டு மாதத்திலும் குளிர். எனக்கு இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு மழைக்கோட்டு, அதற்கு மேல் மிதவைச் சட்டை. புடவை கட்டிக்கொண்டு போகலாம் என்று இருந்தேன். பேத்தி விடவில்லை. அவள் அம்மாவின் பேண்ட்டைப் போட்டுவிட்டாள். சிரிக்காதீர்கள்.

கேப்டன் என் வயதுக்காரர். கூட ஒரு கல்லூரிப் பெண் உதவியாளர். மருமகள் புளிச்சோறும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தாள். பழத்தைப் பார்த்ததும் கேப்டன் முகம் மாறிவிட்டது. படகில் வாழைப்பழம் ஏற்றினால் மீன் கிடைக்காது என்று இந்தத் தொழிலில் ஒரு நம்பிக்கையாம். நமக்கோ வாழைப்பழம் இல்லாமல் ஒரு நல்ல காரியம் நடக்காது. நான் சொன்னேன், "அவுக நம்பிக்கை அவுகளுக்கு, எடுத்துக் காருல வச்சுட்டு வா தம்பி" என்று. மகன் ஓடிப்போய் வைத்துவிட்டு வந்தான். கேப்டனுக்கு அப்புறம்தான் சிரிப்பு வந்தது.

துறையை விட்டு வெளியே வந்ததும் கிழக்கே வானம் வெளுத்தது. இங்கே சூரியன் ஏரிக்குள்ளிருந்துதான் எழும்புகிறது.

இப்போது மீன் பிடிக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு அறிவியல் பாடம் எடுத்த பழக்கம், விட மாட்டேன்.

நாம் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிற மாதிரி இல்லை. படகு மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மனிதர் நடக்கிற வேகத்துக்கும் சற்று குறைவு. பின்னால் எட்டு, பத்துத் தூண்டில் நூல்கள் இழுபட்டு வரும். சால்மன் குளிர்ச்சியை விரும்பும் மீன். ஏரியின் மேல்தண்ணீர் வெயிலில் சூடாகிவிடும். ஆகவே கோடையில் அது ஆழத்துக்குப் போய்விடும். அந்த ஆழத்துக்கு இரையை இறக்க, கம்பிக் கயிற்றில் நாலைந்து கிலோ எடையுள்ள ஒரு குண்டைக் கட்டி இறக்குகிறார்கள். தூண்டில் நூலை அந்தக் கம்பியில் ஒரு கிளிப்பால் மாட்டிவிடுகிறார்கள். மீன் கடித்து இழுத்தால் நூல் கிளிப்பிலிருந்து விடுபட்டு, அதுவரை வளைந்திருந்த கம்பு விசுக்கென்று நிமிர்ந்து மறுபடி குனியும். அன்றைக்கு மேலே தண்ணீர் 20 டிகிரி இருந்தது. 60 அடி கீழே 10 டிகிரிதான். படகில் உள்ள கருவி காட்டியது. ஒரே ஏரிக்குள் மேலே ஒரு ஊர், கீழே ஒரு ஊர்.

இரை என்றால் மண்புழு இல்லை. பளபளவென்று கரண்டி மாதிரி ஒரு தகடு. அது தண்ணீரில் ஆடும்போது அடிபட்ட சின்ன மீன் மாதிரி தெரியும்.

ஆறரை மணிக்கு முதல் மீன். உதவியாளர் பெண் "ஃபிஷ் ஆன்!" என்று கத்தினாள். மருமகள் கம்பைப் பிடித்துச் சுற்றினாள். கோஹோ என்ற சால்மன் வகை. இரண்டு கிலோ இருக்கும். வெள்ளி முலாம் பூசின மாதிரி இருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் இரண்டு. அப்புறம் ஒன்றுமே இல்லை. எட்டு மணிக்குப் பிறகு பன்னிரண்டரை மணி வரை, ஒரு கம்பும் அசையவில்லை.

முழு நாள் பயணம் என்றால் பாதி நேரம் இப்படித்தான் போகும் என்றார் கேப்டன். பேத்தி தூங்கிவிட்டாள். மருமகள் மாத்திரை போட்டும் தலை சுற்றுகிறது என்று உள்ளே படுத்துக்கொண்டாள். நான் கேப்டனிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். மகன் நடுவில் இருந்து மொழிபெயர்த்தான். நான் கேட்ட முதல் கேள்வி, "சால்மன் கடல் மீன்தானே, ஏரிக்கு எப்படி வந்தது?"

அவர் சொன்னதையும், பிறகு பேத்தியோடு நூலகத்துக்குப் போய்த் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

உணவுச் சங்கிலி ஞாபகம் இருக்கிறதா? புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. கரும்பலகையில் நான் வரைந்த தவளையைப் பார்த்து நீங்கள் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்பேன். அதற்குப் பதில் இந்த ஏரிதான்.

இந்த ஏரியில் முன்பு ராஜா, ஏரி டிரவுட் என்ற பெரிய மீன். கடலுக்கும் மேல் ஏரிகளுக்கும் நடுவே நயாகரா அருவி தடுப்பாக இருந்தது. கப்பல் போவதற்காக அருவியைச் சுற்றிக் கால்வாய் வெட்டினார்கள். அந்த வழியாகக் கடலிலிருந்து லாம்ப்ரே என்ற பிராணி ஏறி வந்துவிட்டது. விலாங்கு மாதிரி உடம்பு, தாடை கிடையாது. வட்ட வாயால் மீனின் மேல் அட்டை போல ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். 1936-இல் மிச்சிகன் ஏரியில் அதைப் பார்த்தார்கள். மனிதர்களும் அளவில்லாமல் பிடித்தார்கள். இருபது வருடத்துக்குள் ஏரி டிரவுட் அழிந்தேவிட்டது.

மேலே தின்பதற்கு ஆள் இல்லாததால், பின்னால் வந்து சேர்ந்த ஏல்வைஃப் என்ற சின்னக் கடல் மீன் பெருகியது. நம்ம சாளை மீன் மாதிரி இருக்கும். 1967 கோடையில் கோடிக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கின. கடற்கரை போன்ற மணல் முழுக்க மீன் பிணம். புல்டோசர் வைத்து அள்ளினார்களாம்.

அதற்கு முந்தைய வருடமே ஒரு ஏற்பாடு தொடங்கிவிட்டது. மிச்சிகன் மாநில மீன்துறைத் தலைவர் ஹோவர்டு டேனர் என்பவர், பசிபிக் கடற்கரையில் உள்ள ஓரிகான் மாநிலத்திலிருந்து கோஹோ சால்மன் முட்டைகளை வாங்கிப் பொரிக்க வைத்து, 1966-இல் குஞ்சுகளை ஏரியில் சேரும் ஓடைகளில் விட்டார். ஏல்வைஃபைத் தின்று அவை கொழுத்தன. மறு வருடம் இலையுதிர் காலத்தில் பெரிய மீனாகத் திரும்பி வந்தபோது ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சின்னச் சின்னப் படகில் எல்லாம் ஏரிக்குள் இறங்கினார்கள். 1967 செப்டம்பரில் ஒரு நாள் திடீர்ப் புயலில் ஏழு பேர் இறந்துபோனார்கள். கேப்டன் கரையிலேயே எங்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்ட காரணம் அப்போதுதான் புரிந்தது.

பிறகு சினூக் என்ற, இன்னும் பெரிய சால்மனையும் விட்டார்கள். இன்றைக்கு ஏரியைச் சுற்றியுள்ள மாநிலங்கள் கணக்குப் பார்த்துத்தான் குஞ்சு விடுகின்றன. சால்மன் அதிகமானால் ஏல்வைஃப் தீர்ந்துபோகும். அது தீர்ந்தால் சினூக் பட்டினி. பக்கத்து ஹூரான் ஏரியில் 2000-களின் தொடக்கத்தில் அப்படியே ஆனது. அதனால் 2013-இல் இங்கே சினூக் குஞ்சு விடுவதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு நம்ம கண்மாய்தான் நினைவுக்கு வந்தது. கோடையில் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா. வெள்ளை வேட்டியை வீசியதும் ஊரே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்கும். உங்கள் சார் இடுப்பளவு சேற்றில் நின்று விரால் பிடித்து, கரையில் நிற்கிற என்னைப் பார்த்துத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கண்மாயில் கிடைக்கிற கட்லாவும் ரோகுவும் வடநாட்டு ஆற்று மீன்கள். ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்கா மீன், 1952-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. நாம் எல்லாவற்றையும் 'நம்ம கண்மாய் மீனு' என்றுதான் சொல்கிறோம். வந்து எத்தனை காலம் என்று யாரும் கேட்பதில்லை.

பத்து மணி வாக்கில் படகு தெற்கே திரும்பியது. மேற்கே கரை ஒரு கோடாகத் தெரிந்தது. மகன் கையை நீட்டி, "அம்மா, அங்க ஓக் கிரீக்னு ஒரு ஓடை வந்து ஏரியில சேருது. அங்கதான் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு" என்றான்.

சால்மன் பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து முட்டையிட்டுச் சாகும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். எப்படி வழி தெரிகிறது? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹாஸ்லர் என்று ஒரு பேராசிரியர். அவர் பிறந்த யூட்டா மாநிலத்து மலையில் ஒரு நாள் ஏறிக்கொண்டிருந்தபோது, அருவிப் பக்கத்துப் பாசி, பூ வாசனை காற்றில் வந்ததாம். அந்த நொடியில் மறந்தே போயிருந்த சிறுவயது நண்பர்கள், இடங்கள் எல்லாம் மனதில் வந்துவிட்டன. மனிதனுக்கே இப்படி என்றால் மீனுக்கும் வாசனைதான் வழிகாட்டுகிறதோ என்று அங்கே தோன்றியிருக்கிறது.

அதை 1970-களில் இந்த ஏரியில் சோதித்தார்கள். கோஹோக் குஞ்சுகள் ஏரிக்குப் போகத் தயாராகும் பருவத்தில், இயற்கையில் அந்தத் தண்ணீரில் இல்லாத மார்ஃபோலின் என்ற ஒரு ரசாயனத்தைத் துளித்துளியாகக் கலந்த தண்ணீரில் சில வாரம் வைத்திருந்து ஏரியில் விட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து, அவை பெரிதாகித் திரும்பும் நேரத்தில், ஓக் கிரீக் ஓடையில் அதே ரசாயனத்தைச் சொட்ட விட்டார்கள். அந்த வாசனை பழகிய மீன்கள் அந்த ஓடைக்குள் வந்தன. பழகாத மீன்கள் சொற்பமாகத்தான் வந்தன.

அதாவது மீனுக்குச் சொந்த ஊர் என்பது அதன் பாட்டன் பூட்டன் இருந்த ஆறு இல்லை. வளரும் பருவத்தில் அதன் மூக்கில் ஏறிய தண்ணீர்தான். அந்தப் பருவம் சில வாரம். அது தாண்டினால் எந்தத் தண்ணீரும் சொந்தத் தண்ணீர் ஆகாது. டேனர் ஓரிகானிலிருந்து கொண்டுவந்ததும் முட்டையைத்தான். பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டிருந்தால் அது இங்கே எந்த ஓடையைத் தேடிப் போயிருக்கும்?

இதை நான் வாய்விட்டே சொன்னேன். மகன் என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

இங்கே வீட்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உங்கள் சார் இறந்து நான்கு வருடம் ஆகிறது. நான் தனியாகத்தான் இருக்கிறேன். மகன் இந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டதால் எனக்குக் கிரீன் கார்டு வாங்க முடியும். வீட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறான். வீட்டைக் கேட்டு ஒருவர் அட்வான்ஸ் தரவும் தயாராக இருந்தார். நான் பதில் சொல்லாமலே நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

"நீங்க மீனில்லம்மா" என்றான்.

"மீனில்லதான். அதுனாலதான் யோசிக்கிறேன்" என்றேன்.

"இங்க என்ன கொறை? ரூம் இருக்கு, கோயில் இருக்கு, பேத்தி இருக்கா."

"ஒரு கொறையும் இல்ல தம்பி. உங்க வீட்டுல எனக்கு ஒரு கொறையும் இல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கம்புகளைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அப்பாவுக்கு நான் வர ரெண்டு நாளாச்சு. ஐஸ் பெட்டில வச்சிருந்தீங்க. உங்களுக்கும் அப்படி ஆயிரக்கூடாதும்மா" என்றான்.

நான்கு வருடத்தில் அவன் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். வந்து, காரியம் எல்லாம் முடித்து, பதினாறாம் நாள் கழித்துத் திரும்பிப் போனானே, அப்போதுகூடச் சொல்லவில்லை. வீடு, கார்டு, டிக்கெட் என்று இரண்டு வருடமாகப் பேசியது எல்லாம் இதைத்தான் என்று எனக்கு அந்தப் படகில் புரிந்தது. அவன் என் வீட்டை விற்கச் சொல்லவில்லை. மறுபடி ஒருமுறை அந்த இரண்டு நாளை விமானத்தில் உட்கார்ந்து கழிக்கத் தன்னால் முடியாது என்று சொல்லியிருக்கிறான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு நாளும் உங்கப்பா பக்கத்துல ஆள் இருந்துச்சு தம்பி. அவர்ட்ட படிச்ச பயலுக ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தானுக. ஐஸ் மாத்துனது, பந்தல் போட்டது, உன்னைக் கூப்புட மதுரைக்குக் காரு அனுப்புனது எல்லாம் அவனுகதான். அவர் தனியாக் கெடக்கல. அதை நீ பாக்கல, நான் பாத்தேன்" என்றேன்.

அந்த இரண்டு ராத்திரி விழித்திருந்தவர்களில் பலர் இதைப் படிப்பீர்கள். என் மகனுக்கு உங்கள் பெயர் ஒவ்வொன்றையும் சொன்னேன்.

பன்னிரண்டரைக்கு நான் சொன்ன அந்தக் கம்பு நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் குனிந்தது. நூல் சுருளிலிருந்து 'ஙொய்ய்ங்' என்று ஒரு சத்தம். பேத்தி தூக்கத்தில் இருந்து துள்ளி எழுந்து வந்தாள். உதவியாளர் பெண் கம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, மீன் ஓடும்போது சுற்றாதே, நிற்கும்போது சுற்று என்றாள். மீன் நூறு அடி ஓடியது. இவள் இருபது அடி சுற்றினாள். மறுபடி ஓடியது. பதினைந்து, இருபது நிமிடம் ஆகியிருக்கும். கை நடுங்குகிறது, முகம் சிவந்துவிட்டது. மகன் வாங்கிக்கொள்ளட்டுமா என்றான். "நோ, அப்பா!" என்று கத்தினாள். கடைசியில் கைவலையில் தூக்கிப் போட்டார்கள். சினூக். பதினாறு பவுண்டு, ஏழு கிலோவுக்கு மேல்.

கேப்டன் மீனைப் புரட்டி, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினார். அங்கே சின்னதாக ஒரு சதைத் துடுப்பு இருக்க வேண்டும். இதற்கு இல்லை. பண்ணையில் பொரித்த குஞ்சு என்றால் அந்தத் துடுப்பை வெட்டி, மூக்கினுள் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் கம்பித் துணுக்கு ஒன்றை வைத்துவிடுகிறார்களாம். அதில் குறியீடு பொறித்திருக்கும். எந்தப் பண்ணை, எங்கே விட்டது என்று அதைப் படித்துச் சொல்லிவிடலாம். துடுப்பு முழுதாக இருந்தால் ஓடையில் தானாகப் பிறந்த மீனாக இருக்கும்.

பேத்தி கேட்டாள், "அப்பத்தா, அப்போ இதுக்கு ஊர் எது? ஓரிகானா, இங்கயா?"

"எங்க குஞ்சா நீந்துச்சோ அதுதான்."

அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல், "அப்போ என்னை மாதிரி, மில்வாக்கி" என்றாள்.

என் மகன் முகத்தைப் பார்த்தேன். சிவகங்கைச் சீமையில் பிறந்தவன். அவனுடைய வாசனை நம்ம கண்மாய்க் கரை. அவன் மகளுடையது இந்த ஏரி. அவன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். இங்கே வேலை பார்க்கிற என் மாணவர்கள் எல்லோருக்கும் அதே நிலைமைதான். நீங்கள் அழைத்தால் உங்கள் அம்மா அப்பா வர மறுப்பார்கள். அது உங்கள் மேல் பாசம் இல்லாததால் இல்லை. அதேபோல் உங்கள் பிள்ளைகள் "எங்க ஊரு" என்று அந்த நாட்டைச் சொல்லும்போது நீங்கள் கலங்கவும் வேண்டாம். அவர்கள் மறந்துபோகவில்லை. அவர்கள் வளர்ந்த தண்ணீர் அது.

இரண்டு மணிக்குக் கரைக்கு வந்தோம். துறையில் மீன் ஆராய்ச்சித் துறைப் பிள்ளைகள் இரண்டு பேர் மேஜை போட்டு நின்றார்கள். மீனை அளந்து, எடை போட்டு, கம்பித் துணுக்குக்காக மூக்குப் பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். கேப்டன் மீனைச் சுத்தம் செய்து துண்டு போட்டுப் பையில் கொடுத்தார். பழைய தொழிற்சாலைக் கழிவு ஏரியில் தங்கியிருப்பதால், பெரிய சால்மனை மாதத்துக்கு ஒரு வேளை என்கிற கணக்கில்தான் சாப்பிட வேண்டும் என்று மாநில அரசு சொல்லியிருக்கிறது. அதனால் பாதிக்கு மேல் ஃப்ரீசரில் இருக்கிறது. புளி ஊற்றிக் குழம்பு வைத்துப் பார்த்தேன். எண்ணெய் மீன், நம்ம குழம்புக்குச் சேரவில்லை. மிளகாய்த்தூள், மஞ்சள் தடவி வறுத்தால் அருமை.

சால்மனை நான் எல்லா விஷயத்திலும் பின்பற்றப் போவதில்லை. அது ஊருக்குத் திரும்புவது சாகத்தான். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் திண்ணையில் வந்து உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிற ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கு இன்னும் பதின்மூன்றாம் வாய்ப்பாடு வரவில்லை.

ஆகவே நாத்தனாருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். வீட்டை விற்கவில்லை. அக்டோபர் கடைசியில் ஊருக்கு வருகிறேன். வருடத்தில் மூன்று மாதம், பேத்தியின் கோடை விடுமுறைக்கு, இங்கே வருவேன். இது மகனும் நானும் பேசி எடுத்த முடிவு. அவன் இரண்டு நிபந்தனை வைத்தான். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க வேண்டும். மாடியில் ஒரு குடும்பத்தைக் குடி வைக்க வேண்டும். இரண்டும் நியாயம்தான், சரி என்றேன்.

கம்பி வைக்கும் வேலையை, இப்போது கொத்தனாராக இருக்கும் என் மாணவன் யாராவது அக்டோபருக்குள் முடித்துக் கொடுங்கள். கூலி வாங்கிக்கொண்டுதான் செய்ய வேண்டும். மாடியில் இரண்டு அறை, தனிப் படிக்கட்டு, நல்ல தண்ணீர். நம் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியை வீடு தேடுவதாகக் கேள்விப்பட்டேன். தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லுங்கள். வாடகை பெரிதில்லை. ராத்திரி மாடியில் விளக்கு எரிந்தால் போதும்.

எல்லோரும் நலமாக இருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்றைக்கு அம்மா அப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்